தை இருபது, கடலூர்க் கடல் நிலவரம்

சனிக்கிழமை வரலாமா என்று கேட்டிருந்தீர்கள்.
வரலாம்.
இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

வாடை இன்னும் முழுசாக விட்டபாடில்லை.
விடியுமுன் கரைக்காற்று, அசையாத கடல்;
ஒன்பது மணிக்கு மேல் கொண்டல் எழும்பி
முன்பக்கம் உட்கார்ந்தவர் முகத்தில் உப்பை அறையும்.
கெடிலம் துப்பிய மண் ஐந்து பாகம் வரைக்கும் கிடக்கிறது,
தூள் கூடிப்போன டீயின் நிறத்தில்.
தாண்டினால் பச்சை.
இருபது பாகத்தில் நீலம். அங்கே போனதும்
பேச்சை நிறுத்திவிடுவீர்கள், எல்லோரும் நிறுத்துகிறார்கள்.
நீவாடு வடக்கே திரும்ப வேண்டிய நாள்;
கிளம்பலாமா வேண்டாமா என்று
வாசலில் செருப்புத் தேடும் மாப்பிள்ளை போல நிற்கிறது.
சொறி உண்டு. முழுக்கைச் சட்டை கொண்டுவாருங்கள்.

திங்கட்கிழமை ஓசூரிலிருந்து இரண்டு பேர்.
பாப்பரை எறிந்து எறிந்து ஒருவருக்குத் தோள் பிசகிவிட்டது,
இன்னொருவருக்கு வாந்தி.
முழங்கை நீளத்தில் ஒரு சீலா. அதோடு நாற்பது போட்டோ.
செவ்வாய் போகவில்லை, எஞ்சினில் பிளக் கருகிவிட்டது.
புதன் வஞ்சிரம் மூன்று, பெரியது ஏழு கிலோ.
நான்காவதற்குத் தலை மட்டும் வந்தது.
வெட்டு அவ்வளவு சுத்தம்,
சுறாவுக்கும் தொழில் தெரிகிறது.
பாறை கேட்டிருந்தீர்கள்.
மூழ்கிய கப்பல்மேல் இருக்கிறது.
பாப்பரின் பின்னாலேயே படகு வரை வந்து
திரும்பிப் போகிறது,
விலை மட்டும் கேட்டுவிட்டு நகர்கிறவர் மாதிரி.

வியாழக்கிழமை ரெஜினா டாக்டர்.
ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பவர்.
தனியாகத்தான் வருவார், பேச்சு கிடையாது.
ஏழே காலுக்கு ரீல் அலறியது.
தங்கூசி பாதிக்கு மேல் ஓடியபிறகு
மயில்மீன் எழும்பியது,
முதுகில் அந்தப் பாயை விரித்துக்கொண்டு
ஒருமுறை, இரண்டுமுறை,
பிறகு எண்ண விட்டுவிட்டேன்.

நாற்பத்தைந்து நிமிஷம்.
பக்கத்தில் வந்தபோது செத்ததுபோல் இருந்தது,
நிறமெல்லாம் போய், தேய்க்காத செம்பு.
கொம்பைப் பிடி என்றார். பிடித்தேன்.
மெல்ல முன்னால் விடு என்றார். தேசிங்கு விட்டான்.
வாய்க்குள் கடல் புகுந்து செவுள் வழியே வெளியேற
அவர் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தார்,
எண்ணச் சொல்லி ஆட்களைத் தூங்கவைக்கிறவர்.
நூற்றுப் பன்னிரண்டில் விலாவில் நீலமாய் ஒரு கோடு ஓடியது.
நூற்று நாற்பதில் அது என் கையைத் தள்ளியது.
அந்தத் தள்ளல் இன்னும் மணிக்கட்டில் இருக்கிறது.

கரைக்கு வரும் வழியெல்லாம் நான் வேறு எண்ணிக்கையில் இருந்தேன்:
முப்பத்தைந்து கிலோ, அன்றைய ஏல விலை,
பெட்ரோல், தேசிங்கின் கூலி, அடகில் இருக்கும் சங்கிலி.

துறைமுகத்தில் மச்சினன் கேட்டான், எவ்வளவுக்குப் போச்சு?
போட்டோவைக் காட்டினேன்.
விரலால் பெரிசாக்கிக் கண்ணைப் பார்த்தான், வாலைப் பார்த்தான்.
பைத்தியமா உனக்கு என்பான் என்று நின்றேன்.
எந்த இடம், என்றான்.
அவன் வலை இரண்டு கிலோமீட்டர் நீளம்.
பரங்கிப்பேட்டைக்கு நேரே, என்று சொல்லிவிட்டேன்.
பதினெட்டு வருஷத்தில் அவனிடம் சொன்ன முதல் பொய்,
அதுவும் பெண்ணெடுத்த வீட்டில்.
அவன் விடியுமுன் தெற்கே கிளம்பிப் போன சத்தம்
படுக்கையில் கேட்டது.

உங்களுக்கும் இடத்தைச் சொல்லப்போவதில்லை,
கூட்டிப் போகிறேன். போனை அணைத்து வையுங்கள்.
நாலரைக்குத் தேவனாம்பட்டினம் பாலத்தடியில் நில்லுங்கள்.
எதிர்முள்ளை நசுக்கிய தூண்டில், எலுமிச்சை இரண்டு.
முன்பணம் பாதி போதும்.
கிடைக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன்.
வஞ்சிரம் வந்தால் மட்டும் ஒன்று எனக்கு விடுங்கள்,
மச்சினன் வீட்டில் கொடுக்க.